எந்தக் குழந்தையை மறுபடி பார்க்க வேண்டும்?

ஆடியோகிராம் எடுக்கும் அறையில் வெளிச்சத்தம் நுழைவதில்லை. தடித்த கதவு, ஒலியை உறிஞ்சும் சுவர்கள், குழந்தையின் காதில் ஹெட்போன். 250 ஹெர்ட்ஸ் முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை சுருதி சுருதியாக மிக மெல்லிய ஒலியை விடுகிறார்கள். கேட்டால் குழந்தை கையைத் தூக்க வேண்டும். காது எவ்வளவு சன்னமான ஒலியைப் பிடிக்கிறது என்பதை இந்தச் சோதனை நம்பகமாகச் சொல்லிவிடும். ஆனால் அந்தக் குழந்தை நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கும் வகுப்பறையில் மின்விசிறி இரைகிறது, பக்கத்து வகுப்பு வாய்ப்பாடு ஒப்பிக்கிறது, ஆசிரியர் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசுகிறார். ஆடியோகிராமில் எந்தக் குறையும் இல்லாத சில குழந்தைகள் இந்த இரைச்சலுக்குள் தடுமாறுகிறார்கள். சொன்னதைத் திரும்பச் சொல்லச் சொல்கிறார்கள். மூன்று வேலை சொன்னால் முதலாவதை மட்டும் செய்கிறார்கள். ஒலியில் நெருங்கிய சொற்களைக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒலி காதுக்குள் போகிறது. அதைப் பிரித்து, வரிசைப்படுத்தி, பேச்சாக்கிக் கொள்ளும் வேலை மூளைக்குப் போகும் பாதையில் எங்கோ பிசகுகிறது. இதற்குச் செவிப்புலச் செயலாக்கக் கோளாறு என்று பெயர். மருத்துவமனைகளில் ஏபிடி என்பார்கள். பள்ளிப் பிள்ளைகளில் 2 முதல் 3 சதவீதம் பேருக்கு இது இருக்கலாம் என்று அமெரிக்க ஆய்வாளர்கள் செர்மாக்கும் மியூசிக்கும் 1997-இல் மதிப்பிட்டார்கள். மைசூரில் உள்ள அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனத்தின் ஆய்வில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் குழந்தைகளைப் பார்த்தபோதும் ஏறக்குறைய 3 சதவீதம் என்ற கணக்கே வந்தது. அப்படியானால் எல்லாப் பள்ளிகளிலும் எல்லாக் குழந்தைகளையும் இதற்காகச் சோதித்துவிட வேண்டாமா? கேள்வி நியாயமானது. அப்படி ஒட்டுமொத்தமாகச் சோதிப்பது உதவாது என்பது என் கருத்து. யாரை மறுபடி கவனமாகப் பார்ப்பது என்று முடிவு செய்யும் படிப்படியான சோதனைதான் பிள்ளைகளுக்குப் பயன்படும். அதன் முதல் படி மூளையில் தொடங்கக் கூடாது, காதில் தொடங்க வேண்டும்.

இந்தத் துறையின் தொடக்கத்திலேயே சிக்கலின் விதை இருக்கிறது. 1954-இல் இத்தாலியில் எத்தோரே போக்காவும் அவருடைய குழுவினரும் மூளையின் பொட்டு மடலில் கட்டி வந்த நோயாளிகளைச் சோதித்தார்கள். தூய தொனிச் சோதனையில் அவர்களுக்குக் குறை தெரியவில்லை. ஒலியைச் சிதைத்து, பேச்சின் ஒரு பகுதியை வடிகட்டி ஒலிக்கவிட்டபோது, கட்டி இருந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கக் காதில் புரிதல் குறைந்தது. இயல்பான பேச்சில் தேவைக்கு மேலேயே தகவல் இருக்கிறது. பாதை சற்றுப் பழுதானாலும் மூளை சமாளித்துக்கொள்ளும். தகவலைக் குறைத்துக் கொடுத்தால்தான் பழுது வெளியே வரும். அதே ஆண்டில் ஹெல்மர் மைக்கிள்பஸ்ட், காது நன்றாக இருந்தும் கேட்பதில் இடர்ப்படும் குழந்தைகளைப் பற்றி நூல் எழுதினார். 1961-இல் டோரீன் கிமுரா இரண்டு காதுகளிலும் ஒரே நேரத்தில் வெவ்வேறு எண்களை ஒலிக்கவிட்டு, பெரும்பாலானோருக்கு வலக்காது முந்துவதைக் காட்டினார். வலக்காதின் வலுவான பாதை மொழியைக் கையாளும் இட மூளைக்கு நேராகப் போகிறது. இடக்காதில் விழுந்த சொல் வல மூளைக்குப் போய், இரு பாதிகளையும் இணைக்கும் கார்பஸ் கலோசம் என்ற நரம்புப் பாலத்தைக் கடந்து வர வேண்டும். குழந்தைகளில் அந்தப் பாலம் முதிர்ச்சியடைய பதினொன்று, பன்னிரண்டு வயதாகிவிடும். ஆகவே ஆறு வயதுக் குழந்தை இடக்காதில் சொதப்பினால் அது கோளாறா, வயதா என்று சொல்ல முடியாது. ஏழு வயதுக்கு முன் இந்தச் சோதனைகளை நம்ப வேண்டாம் என்று செவித்திறன் அமைப்புகள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

போக்காவின் நோயாளிகளுக்கும் பள்ளிக் குழந்தைகளுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அந்த நோயாளிகளிடம் கட்டி இருந்தது. சோதனை சொன்னதை அறுவைச் சிகிச்சை உறுதி செய்தது. பள்ளியில் தடுமாறும் குழந்தையின் மூளையை ஸ்கேன் செய்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. எனவே ஒரு சோதனை சரியாகச் சொன்னதா என்பதை இன்னொரு சோதனையைக் கொண்டுதான் முடிவு செய்கிறோம். எந்தச் சோதனைகளை வைத்துக்கொள்வது, எத்தனையில் தவறினால் கோளாறு என்பது என்பதில் நிபுணர்களிடையே உடன்பாடு இல்லை. இந்தக் குழப்பத்தின் அளவை வில்சனும் ஆர்னட்டும் 2013-இல் வெளியிட்ட ஆய்வு அம்பலப்படுத்தியது. ஏற்கெனவே முழுச் சோதனைகளும் செய்யப்பட்ட 150 பள்ளிக் குழந்தைகளின் மதிப்பெண்களை எடுத்துக்கொண்டு, துறையில் புழங்கும் ஒன்பது வரையறைகளை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தார்கள். ஒரு வரையறையின்படி 7.3 சதவீதம் பேருக்கு ஏபிடி. இன்னொன்றின்படி 96 சதவீதம் பேருக்கு. குழந்தைகளும் அவர்களே, மதிப்பெண்களும் அவையே. எந்த ஊரில் எந்த நிபுணரிடம் போனோம் என்பதைப் பொறுத்து ஒரு குழந்தைக்குக் கோளாறு இருக்கும், அல்லது இருக்காது. இந்த நிலையில் ‘ஏபிடி இருக்கிறது’ என்று சொல்லும் ஸ்கிரீனிங், தானே நகர்ந்துகொண்டிருக்கும் ஒரு கோட்டை நோக்கிக் குறிவைக்கிறது. அந்தச் சொல்லை ஒரு குழந்தையின் மேல் ஒட்டுவதற்கு முன் நாம் மிகவும் தயங்க வேண்டும்.

கோடு நகராமல் நிற்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் எண்கணிதம் குறுக்கே நிற்கும். மைசூர் நிறுவனத்தில் உருவான ஒரு வினாப்பட்டியல் இந்தியாவில் பரவலாகப் பயன்படுகிறது. பன்னிரண்டு கேள்விகள், ஆசிரியர் ஆம், இல்லை என்று பதில் தருவார், ஆறு அல்லது அதற்கு மேல் ஆம் வந்தால் குழந்தையை மேல்சோதனைக்கு அனுப்ப வேண்டும். எளிமையானது, செலவில்லாதது, கவனமாகச் செய்யப்பட்டது. இதன் கூர்மை சுமார் 70 சதவீதம்: கோளாறு உள்ள நூறு பேரில் எழுபது பேரைப் பிடிக்கும், இல்லாத நூறு பேரில் எழுபது பேரை விட்டுவிடும். கேட்கும்போது மோசமில்லை என்றே தோன்றும். இப்போது ஆயிரம் குழந்தைகள் படிக்கும் ஒரு பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். 3 சதவீதக் கணக்குப்படி 30 பேருக்குக் கோளாறு. பட்டியல் அவர்களில் 21 பேரைப் பிடிக்கிறது. மீதி 970 பேரில் 30 சதவீதம், அதாவது 291 பேர், கோளாறு இல்லாமலே பட்டியலில் ஏறிவிடுகிறார்கள். ஆக 312 பெற்றோருக்குக் கடிதம் போகிறது. அவர்களில் 21 வீடுகளுக்கு மட்டுமே அது பொருந்தும். பதினைந்தில் ஒன்று. ஒவ்வொரு குழந்தைக்கும் ஆடியாலஜிஸ்ட் ஒருவர் ஒலித்தடுப்பு அறையில் நீண்ட நேரம் உட்கார்ந்து முழுச் சோதனை செய்ய வேண்டும். மாவட்டத் தலைநகரத்தில்கூட அப்படி ஒரு அறை எளிதில் கிடைக்காத நிலையில், உண்மையில் தேவைப்படும் குழந்தை வரிசையில் முந்நூறாவது ஆளாக நின்றுவிடும்.

அந்த 291 பேரும் வீணாக வந்தவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆசிரியர் ஆறு கேள்விகளுக்கு ஆம் போட்ட குழந்தையிடம் ஏதோ ஒன்று இருக்கத்தான் செய்யும்: மொழி வளர்ச்சியில் தாமதம், வாசிப்புச் சிரமம், கவனக் குறைவு, தூக்கமின்மை, வீட்டுச் சூழல். ஏபிடி சந்தேகத்தில் வந்த 68 குழந்தைகளை மிருதுலா ஷர்மாவும் சக ஆய்வாளர்களும் 2009-இல் சோதித்தபோது, ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கேட்டல், மொழி, வாசிப்பு ஆகிய மூன்றிலுமே சிக்கல் இருந்தது. கேட்டலில் மட்டும் சிக்கல் உள்ளவர்கள் மிகச் சிலரே. ஒரே கோளாறுக்கென்று வலை வீசினால் வலையில் விழும் மற்றக் குழந்தைகளுக்கு என்ன செய்வது என்ற கேள்விக்கு விடை இருக்காது. ‘ஏபிடி இல்லை’ என்று சொல்லித் திருப்பி அனுப்பப்படும் குழந்தையின் வாசிப்புச் சிரமம் அப்படியேதான் இருக்கும்.

இதைவிடக் கடுமையான ஆட்சேபம் ஒன்று மறுமுனையிலிருந்து வருகிறது: ஏபிடி என்று தனியாக ஒன்று இல்லவே இல்லை, எல்லாம் கவனக் குறைவுதான் என்பது. இதை ஒதுக்கித் தள்ள முடியாது, ஏனென்றால் பின்னால் வலுவான தரவு இருக்கிறது. டேவிட் மூர் தலைமையில் பிரிட்டனில் ஆறு முதல் பதினொரு வயது வரையுள்ள 1469 பள்ளிக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2010-இல் வெளியானது. ஒலியின் நுண்ணிய வேறுபாடுகளைப் பிரித்தறியும் திறனுக்கும், இரைச்சலில் பேச்சைப் புரிந்துகொள்ளும் திறனுக்கும் இடையே எதிர்பார்த்த தொடர்பு கிடைக்கவில்லை. பெற்றோர் சொன்ன சிரமங்களை நன்றாக முன்கூட்டிக் காட்டியது கவனமும் மற்ற அறிதல் திறன்களும்தான். ஒரு குழந்தை ஒரே சோதனையில் ஒருமுறை நன்றாகவும் அடுத்தமுறை மோசமாகவும் பதில் சொன்னால், குறை செவிப்பாதையில் இருப்பதைவிடக் கவனத்தில் இருக்கவே வாய்ப்பு அதிகம். சலிப்பூட்டும் ஒலிச் சோதனை எதுவும் கவனத்தையும் சேர்த்தே அளக்கிறது. இதை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் ‘பெரும்பாலும் கவனம்’ என்பதிலிருந்து ‘எப்போதும் கவனம்’ என்ற முடிவுக்குப் போக முடியாது. போக முடியாது என்று காட்டியவர்கள் ஆஸ்திரேலியாவின் தேசிய ஒலியியல் ஆய்வகத்தில் பணியாற்றிய ஷாரன் கேமரூனும் ஹார்வி டில்லனும்.

அவர்கள் 2007-இல் வெளியிட்ட சோதனையில் குழந்தை ஹெட்போன் அணிந்துகொண்டு, நேர் எதிரிலிருந்து வருவதாகத் தோன்றும் வாக்கியங்களைத் திருப்பிச் சொல்ல வேண்டும். கூடவே வேறு கதைகள் இடைஞ்சலாக ஒலிக்கும். ஒரு கட்டத்தில் இடைஞ்சலும் எதிரிலிருந்தே வரும். இன்னொரு கட்டத்தில் அது இடமும் வலமுமாக விலகிப் போய்விடும். விலகியதும் நம் எல்லோருக்கும் கேட்பது எளிதாகிறது. ஒரு பக்கத்து ஒலி இரண்டு காதுகளையும் வந்து சேரும் நேரத்தில் ஆயிரத்தில் ஒரு விநாடிக்கும் குறைவான வேறுபாடு உண்டு. மூளைத்தண்டில் உள்ள மேல் ஆலிவரித் தொகுதி அந்த வேறுபாட்டை ஒப்பிட்டு, எது எங்கிருந்து வருகிறது என்று பிரித்துவிடுகிறது. கேமரூன் சோதனையில் முக்கியம் குழந்தையின் மதிப்பெண் அல்ல, இரண்டு கட்டங்களுக்கும் இடையிலான வித்தியாசம். அடம்பிடிக்கும் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு தாய் எடைமேடையில் ஏறி, பிறகு தனியே ஏறி, கழித்துப் பார்ப்பது போன்றது இது. மொழித் திறன், நினைவாற்றல், கவனம், அன்றைய மனநிலை எல்லாம் இரண்டு கட்டங்களிலும் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும். கழித்தால் பெரும்பகுதி நீங்கிவிடும். மிஞ்சுவது, திசையைப் பயன்படுத்தி இரைச்சலை விலக்கும் திறன். கவனத்தில் குறை இல்லாமலே இந்த மிச்சம் மட்டும் குறைவாக உள்ள குழந்தைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கென்றே அமைந்த கணினிப் பயிற்சி சில வாரங்களில் இந்தத் திறனை மேம்படுத்துகிறது என்றும் அதே குழு காட்டியிருக்கிறது. ஆய்வுகள் சிறியவை, பெரும்பாலும் உருவாக்கியவர்களே செய்தவை. ஆனாலும் குறை, சோதனை, பரிகாரம் மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துவது இந்தத் துறையில் அரிது என்பதால் இதற்கு நான் அதிக எடை தருகிறேன்.

இந்தத் திசைக் குறைபாட்டோடு சேர்த்துப் பேசப்படும் காரணங்களில் ஒன்று மிகச் சாதாரணமானது: சிறு வயதில் நடுச்செவியில் நீர் கோத்துக்கொள்வது. பத்து வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒருமுறையாவது இது வந்து போகிறது. வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது. ஒலி மட்டும் சில வாரங்களுக்கு, சிலருக்குப் பல மாதங்களுக்கு மங்கியே வரும். இரண்டு காதுகளிலும் ஒரே அளவில் மங்குவதுமில்லை. இரு காதுகளின் ஒலியை ஒப்பிடக் கற்றுக்கொள்ள வேண்டிய வயதில் மூளைத்தண்டுக்குக் கோணலான தகவல் போகிறது. நீர் வடிந்து ஆடியோகிராம் சரியான பிறகும் இரு காதுகளையும் சேர்த்துப் பயன்படுத்தும் திறன் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் பின்தங்கியே இருப்பதை 1990-களின் ஆய்வுகள் காட்டின. ஆகவே சோதனை காதில் தொடங்க வேண்டும் என்கிறேன். செவிப்பறையின் அசைவை அளக்கும் டிம்பனோமெட்ரிக்குச் சில விநாடிகள் போதும். குழந்தை எந்தப் பதிலும் சொல்ல வேண்டியதில்லை. இந்தியாவில் 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழுக்கள் ஏற்கெனவே அரசுப் பள்ளிகளுக்குப் போகின்றன. அவர்கள் பார்க்க வேண்டிய 30 குறைகளின் பட்டியலில் செவித்திறன் குறைவும் நடுச்செவி அழற்சியும் கற்றல் குறைபாடும் இருக்கின்றன. காதில் சீழோடும் நீரோடும் உட்கார்ந்திருக்கும் குழந்தைகளைக் கண்டுபிடித்துச் சரிசெய்யாமல் மூளைக் கோளாறைத் தேடுவது முறையாகாது.

காது சரி என்று உறுதியான பிறகு, யாரை அடுத்த படிக்கு அழைப்பது? அடிக்கடி காது வடிந்த வரலாறு உள்ளவர்கள், குறைமாதத்தில் பிறந்தவர்கள், பேச்சு தாமதமானவர்கள், தலையில் அடிபட்டவர்கள், அறிவுக்கூர்மை இருந்தும் வாசிப்பில் பின்தங்குபவர்கள், இரைச்சலில் திணறுவதாகப் பெற்றோரோ ஆசிரியரோ கவலைப்படும் குழந்தைகள். இப்படித் தெரிந்தெடுத்த நூறு பேரில் முப்பது பேருக்குக் கோளாறு இருப்பதாக வைத்துக்கொண்டால், அதே பன்னிரண்டு கேள்விப் பட்டியல் 21 பேரைச் சரியாகவும், மீதி 70 பேரில் 21 பேரைத் தவறாகவும் பிடிக்கும். பதினைந்தில் ஒன்றாக இருந்தது இரண்டில் ஒன்றாகிவிட்டது. கருவி மாறவில்லை, யாரிடம் பயன்படுத்துகிறோம் என்பதுதான் மாறியது.

இங்கே ஒரு மறுப்பு எழும்: கடைசி பெஞ்சில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் குழந்தையை யார் கவனிப்பார்கள்? சத்தம் போடும் குழந்தை ஆசிரியர் கண்ணில் படும். புரியாததைப் புரிந்ததுபோல் காட்டிக்கொள்ளும் அமைதியான பெண்குழந்தை படமாட்டாள். இந்த மறுப்பு எனக்கு உறைக்கிறது, இதற்கு முழுமையான விடை என்னிடம் இல்லை. பாதி விடையாவது இருக்கிறது. காது, நடுச்செவிச் சோதனைகள் எல்லோருக்கும் உண்டு என்பதால் எல்லாக் குழந்தைகளும் ஒருமுறையாவது ஒருவர் முன்னால் வந்து உட்கார்கிறார்கள். அப்போது குழந்தையிடமே கேட்கலாம், வகுப்பில் எந்த நேரத்தில் கேட்பது கடினமாக இருக்கிறது என்று. இரண்டாவது, எவரையும் அடையாளம் காணாமலே எல்லோருக்கும் உதவும் ஒரு வழி இருக்கிறது. ஆளில்லாத வகுப்பறையில் பின்னணி இரைச்சல் 35 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது, எதிரொலி 0.6 விநாடிக்குள் அடங்க வேண்டும் என்பது அமெரிக்காவின் 2002-ஆம் ஆண்டுத் தரநிலை. உலகச் சுகாதார நிறுவனம் 1999-இல் பரிந்துரைத்த அளவும் ஏறத்தாழ அதுவே. ஆசிரியர் குரல் இரைச்சலைவிட 15 டெசிபல் ஓங்கியிருந்தால்தான் குழந்தைகளுக்கு வசதி. பெரியவர்கள் அதைவிடக் குறைந்த வேறுபாட்டிலும் சமாளிப்பார்கள். வெறும் சிமெண்டுச் சுவரும் ஓடும் மின்விசிறியும் உள்ள அறையில் இந்த அளவுகள் எட்டாக்கனி. மென்பலகைகள், தடித்த திரை, எண்ணெயிட்ட விசிறி, பிள்ளைகளைப் பார்த்துப் பேசும் ஆசிரியர் என்று சிறிது சிறிதாக நெருங்கலாம். ஆசிரியர் சட்டையில் மைக்கும் குழந்தையின் காதில் ரிசீவரும் வைக்கும் கருவிகள் விலை அதிகமானவை. ஆனால் வாசிப்புக் குறைபாடுள்ள குழந்தைகள் ஒரு பள்ளியாண்டு முழுக்க அவற்றை அணிந்தபோது, வாசிப்பும் ஒலிக்கு மூளைத்தண்டு தரும் மறுமொழியின் சீர்மையும் மேம்பட்டதாக நினா க்ராஸின் ஆய்வகம் 2012-இல் வெளியிட்டது.

பரிகாரத்தைப் பற்றிப் பேசாமல் ஸ்கிரீனிங்கைப் பற்றிப் பேசக் கூடாது. உலகச் சுகாதார நிறுவனத்துக்காக 1968-இல் வில்சனும் யுங்னரும் எழுதிய விதிகளில் ஒன்று, ஏற்கத்தக்க சிகிச்சை இருந்தால்தான் ஒரு நோயைக் கூட்டமாகத் தேட வேண்டும் என்பது. ஒலிகளை நீட்டியும் அழுத்தியும் கேட்கவைக்கும் கணினிப் பயிற்சிகள் 1990-களின் இறுதியில் பெரும் நம்பிக்கையோடு விற்பனைக்கு வந்தன. மொழிக் குறைபாடுள்ள 216 குழந்தைகளை நான்கு குழுக்களாகப் பிரித்து 2008-இல் கில்லமும் சக ஆய்வாளர்களும் சோதித்தபோது, அந்தப் பயிற்சியும், வேறு கணினிப் பயிற்சியும், நேரடி மொழிச் சிகிச்சையும், பொதுவான பாட விளையாட்டுகளும் ஏறத்தாழ ஒரே முன்னேற்றத்தையே தந்தன. 2011-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும் தனிப்பயன் எதையும் காணவில்லை. ஸ்கிரீனிங் முடிவைக் கையில் பிடித்துக்கொண்டு பதறி நிற்கும் பெற்றோரிடம் இப்படிப்பட்ட பயிற்சியை ஆயிரக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு விற்பது அநீதி. எல்லாக் குழந்தைகளையும் சோதிக்கத் தொடங்கினால் அந்தச் சந்தையைத்தான் முதலில் பெருக்குவோம்.

கோளாறின் பெயர் இல்லாமல் சலுகை கிடைக்காதே என்று சில பெற்றோர் வாதிடுவார்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏபிடியைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளுக்குள் புலனுணர்வுக் குறைபாடுகளைச் சேர்த்திருக்கிறது. தேர்வில் கூடுதல் நேரம் போன்றவற்றுக்கு வழி கற்றல் குறைபாட்டு மதிப்பீடுதான். அதனால் கேட்டல் சோதனையோடு மொழி, வாசிப்பு, கவனம் மூன்றையும் மதிப்பிட ஏற்பாடு செய்வது குழந்தைக்கு நேரடிப் பயன்.

அடுத்தது, எந்த மொழியில் சோதிப்பது என்ற கேள்வி. நம் பள்ளிகளில் இது பெரிதாகக் கவனிக்கப்படுவதில்லை. இரண்டாம் மொழியைக் கேட்பவர்களை இரைச்சல் கூடுதலாகப் பாதிக்கும் என்பது நன்கு நிறுவப்பட்ட உண்மை. வீட்டில் தமிழோ உருதோ பேசிவிட்டு ஆங்கிலப் பள்ளிக்குப் போகும் குழந்தையிடம் ஆங்கிலச் சொற்களை இரைச்சலில் கலந்து கொடுத்தால், வரும் மதிப்பெண் செவியைப் பற்றிச் சொல்வதைவிட மொழியைப் பற்றியே அதிகம் சொல்லும். சொல்லே வேண்டாம், பொருளற்ற அசைகளைக் கொடுத்தால் போதும் என்று நினைக்கலாம். இரு காதுகளுக்கும் வெவ்வேறு அசை தரும் சோதனையில் வழக்கமாக வருபவை ஆறு வெடிப்பொலிகள்: பல், தலை, கல் என்னும்போது முதலில் வரும் மூன்று, அவற்றோடு பஸ், டாக்டர், கேஸ் அடுப்பு என்னும்போது முதலில் வரும் அதிர்வுள்ள மூன்று. பல்லின் தொடக்கத்துக்கும் பஸ்ஸின் தொடக்கத்துக்கும் தமிழ் எழுத்தில் வேறுபாடு இல்லை. தூய தமிழ்ச் சொற்களில் இந்த வேறுபாடு பொருளை மாற்றுவதும் இல்லை. ஆகவே தமிழ்க் குழந்தை இந்த இரண்டையும் மாற்றிச் சொன்னால் அதைச் செவிப்பாதையின் குறையாகக் கணக்கில் எடுக்கக் கூடாது. வேறு நாட்டுக் குழந்தைகளிடம் எடுத்த சராசரியை இங்கே பொருத்தவும் கூடாது. எண்களைக் கொண்ட சோதனை ஓரளவு பாதுகாப்பானது. ஒன்று முதல் பத்து வரை எந்தக் குழந்தைக்கும் தாய்மொழியில் தெரியும். அதையும் அந்தந்த மொழியில், அந்தந்த வயதில், வழக்கமாகப் படிக்கும் குழந்தைகளிடம் முதலில் நடத்திச் சராசரியை எடுத்துக்கொள்ள வேண்டும். ஏழு, எட்டு வயதில் எல்லைக்கோட்டில் நின்ற குழந்தையை ஓராண்டு கழித்து அதே மொழியில் மறுபடி சோதிக்க வேண்டும். இடைப்பட்ட ஓராண்டில் அந்தக் குழந்தையை முதல் வரிசையில், விசிறிக்கும் சன்னலுக்கும் தள்ளி உட்காரவைப்பதற்கு எந்தச் சோதனை முடிவும் வரக் காத்திருக்க வேண்டியதில்லை.